என் கதை இப்போது யாரிடம் இருக்கின்றது?

எங்கள் பகுதிப் பெண்களில் பெரும்பாலானோரின் வீட்டில் ஒரு பை இருக்கும். பழைய சொப்பிங் பையாகவோ பிளாஸ்ரிக் உறையாகவோ அது இருக்கும். அதற்குள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பங்கீட்டு அட்டையின் பிரதி, முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, திரும்பி வராத ஒருவரின் புகைப்படம் என்று எல்லாம் இருக்கும். வீடு எரிந்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்தப் பையைத்தான்.

2009 ஆம் ஆண்டு செட்டிகுளம் நலன்புரி நிலையத்தில் என் அம்மாவும் அப்படி ஒரு பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தார். அப்போது எனக்கு 18 வயது. எழுத்து நன்றாக இருக்கும் என்பதனால் பக்கத்துக் கூடாரங்களில் உள்ளவர்களும் என்னிடமே படிவம் நிரப்பக் கொடுப்பார்கள். உலர் உணவுக்கு ஒரு படிவம், பாத்திரங்களுக்கு ஒரு படிவம், காணாமற்போனவரைத் தேடுவதற்கு ஒரு படிவம். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், கணவர் இருக்கிறாரா, இல்லையென்றால் எப்படி இறந்தார். எல்லாவற்றையும் எழுதினோம். அந்தப் படிவம் எங்கே போகின்றது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கும் நிலையில் அன்று நாங்கள் இருக்கவில்லை.

பின்னர் பல்கலைக்கழகம் சென்று சமூகவியலில் பட்டம் பெற்றேன். இன்று சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். அன்று படிவம் நிரப்பியவள் இன்று படிவத்தைக் கொண்டு செல்பவளாகிவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் அம்மாவின் கேள்வி

கடந்த ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், கோழி வளர்ப்பு உதவிக்காக ஓர் அம்மாவின் விபரங்களை எடுத்தேன். கணவர் 2009 இல் ஷெல் வீச்சில் இறந்தவர். மகன் காணாமற்போனவர். மகள் இரண்டு பிள்ளைகளுடன் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தேநீர் குடித்தபடி கதைத்துக்கொண்டிருந்தபோது, மகள் ஏன் வந்துவிட்டாள் என்பதையும் அந்த அம்மா சொல்லி அழுதார். அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

உதவி கேட்டு அனுப்பும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஒரே கிழமையில் 20 அறிக்கைகள். நான் அனைத்துக் குறிப்புகளையும் கைத்தொலைபேசியில் தட்டச்சு செய்து, செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றில் போட்டு, ‘இதை ஆங்கிலத்தில் நல்ல அறிக்கையாக எழுதித் தா’ என்று கேட்டேன். அரை நிமிடத்தில் பிழையில்லாத ஆங்கிலத்தில் அறிக்கை வந்தது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அடுத்த முறை போனபோது அந்த அம்மாவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“உதை நீங்களே பிள்ளை எழுதினனீங்கள்?” என்று கேட்டார்.

“இல்லை அம்மா, கணனிதான் எழுதித் தந்தது. நான் தமிழில குடுத்தன், அது இங்கிலீசில மாத்தித் தந்தது.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப மகளின்ர விசயமும் அதுக்குத் தெரியுமோ?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

“நான் உங்களை நம்பித்தானே பிள்ளை சொன்னனான். இப்ப என்ர கதை ஆரிட்ட இருக்குது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னர்தான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றில் நமக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தக் கணனி எங்கே இருக்கின்றது?

செயற்கை நுண்ணறிவு என்பது மனிதர் செய்யும் வேலைகளில் சிலவற்றைக் கணனி செய்யுமாறு பழக்குவதாகும். ஆயிரம் கோலம் பார்த்த பிள்ளை தானாகப் புதுக்கோலம் போடுவது போல, கோடிக்கணக்கான பக்கங்களைப் பார்த்துப் பழகிய கணனி தானாக எழுதுகின்றது, மொழிபெயர்க்கின்றது, படம் வரைகின்றது. 2022 நவம்பரில் ‘சட்ஜிபிடி’ என்ற சேவை வெளிவந்த பின்னர் இது சாதாரண மக்களின் கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது.

நாம் எழுதுவது நம் கைத்தொலைபேசிக்குள் நின்றுவிடுவதில்லை. இணையத்தின் வழியாக அது வெளிநாட்டில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணனிகளுக்குச் செல்கின்றது. பல சேவைகளில், நாமாகச் சென்று நிறுத்தி வைக்காவிட்டால், நாம் எழுதியதையே அந்தக் கணனியை மேலும் பழக்குவதற்குப் பயன்படுத்துவார்கள். நாம் அழித்துவிட்டாலும் உடனே அழிந்துவிடும் என்பதில்லை. 2025 ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, வழக்கு ஒன்றின் தேவைக்காக, பாவனையாளர்கள் அழித்த உரையாடல்களையும் வைத்திருக்குமாறு சட்ஜிபிடியின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. சில மாதங்களின் பின்னரே அது தளர்த்தப்பட்டது.

தவறுகளும் நடந்துள்ளன. 2023 மார்ச் மாதத்தில் சட்ஜிபிடியில் ஏற்பட்ட ஒரு கோளாறினால் ஒருவரின் உரையாடல் தலைப்புகள் வேறொருவருக்குத் தெரிந்தன. அதே ஆண்டு, சம்சுங் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் வேலை இலகுவாகட்டும் என்று நிறுவனத்தின் இரகசியக் கணனிக் குறிப்புகளை அதற்குள் போட்டுவிட்டார்கள். நிறுவனம் அந்தச் சேவையையே ஊழியர்களுக்குத் தடை செய்தது. 2025 இல், நண்பருடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்துப் பலர் பகிர்ந்த உரையாடல்கள் கூகிள் தேடலில் வந்து நின்றன. தேடலில் காட்டலாம் என்ற கட்டத்துக்கு அவர்களே அடையாளம் இட்டிருந்தார்கள். அதன் பொருள் பலருக்கு விளங்கியிருக்கவில்லை. பின்னர் அந்த வசதி நீக்கப்பட்டது.

பெரிய நிறுவனத்தின் படித்த ஊழியர்கள் செய்த அதே தவறைத்தான் நானும் செய்தேன். அவர்கள் வெளியே விட்டது நிறுவனத்தின் இரகசியம். நான் வெளியே விட்டது ஒரு குடும்பத்தின் துயரம்.

ஓர் இலக்கத்துக்குள் எத்தனை விபரம்!

‘என்னுடைய பெயரும் இலக்கமும் தெரிந்தால் என்ன வந்துவிடப் போகின்றது? என்னிடம் களவெடுக்க என்ன இருக்கின்றது?’ என்று சிலர் கேட்பதுண்டு. நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துப் பார்ப்போம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த எண்ணுடன் 500 கூட்டப்படும். ஆகவே 80532 என்று ஓர் இலக்கம் தொடங்கினால், அது 1980 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஒரு பெண்ணுடையது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் இதே ஒழுங்குதான். ஆண்டு மட்டும் முழுமையாக வரும்.

இலக்கத்தில் பிறந்த நாள். முகநூலில் ஊரும் பிள்ளையின் பாடசாலையும். கடன் படிவத்தில் வருமானம். நிவாரணப் பட்டியலில் ‘பெண் தலைமைக் குடும்பம்’. தனித்தனியே பார்த்தால் இவை சிறிய விடயங்கள். முன்பு இவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் பல நாட்கள் அலைய வேண்டும். இன்று கணனி நொடியில் சேர்த்துவிடும். ஆண் துணையில்லாமல் ஒரு பெண் எந்த ஊரில், எத்தனை பிள்ளைகளுடன், எவ்வளவு கடனுடன் இருக்கிறாள் என்பது தீய எண்ணம் கொண்டவருக்கு எவ்வளவு வசதியான விபரம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முகமும் அப்படித்தான். அமெரிக்காவின் ‘கிளியர்வியூ’ என்ற நிறுவனம், மக்கள் இணையத்தில் போட்ட படங்களை அவர்களைக் கேட்காமலே சேகரித்து, ஒரு முகத்தைக் காட்டினால் ஆளைக் கண்டுபிடிக்கும் முறையொன்றை உருவாக்கியது. அதன் சேமிப்பில் 3,000 கோடிக்கு மேற்பட்ட படங்கள் இருப்பதாகச் சொல்லி, நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2024 இல் அந்நிறுவனத்துக்கு 3 கோடியே 5 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் கைரேகையையும் மாற்ற முடியாது.

நம்மைப் போன்றவர்களுக்கு நடந்தவை

போரையும் இடப்பெயர்வையும் கண்ட மக்களின் பட்டியல்கள் தவறான கைகளுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பிற நாடுகளில் உதாரணங்கள் உண்டு.

2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் தகவல்கள் இருந்த கணனிகளுக்குள் இனந்தெரியாதவர்கள் புகுந்தார்கள். 5 இலட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விபரங்கள் அதில் இருந்தன. அவர்கள் யார்? போரினாலும் இடப்பெயர்வினாலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், அவர்களைத் தேடும் உறவினர்கள், தடுப்பில் உள்ளவர்கள். உறவுகளைச் சேர்த்து வைக்கும் அந்தப் பணியின் கணனி முறைமையையே சிறிது காலம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. இதைப் படித்தபோது எனக்குச் செட்டிகுளத்தில் நான் நிரப்பிய படிவங்கள்தான் நினைவுக்கு வந்தன.

மியன்மாரிலிருந்து உயிர் தப்பிப் பங்களாதேசுக்கு வந்த ரோகிங்கியா மக்களின் விபரங்களும் கைரேகைகளும் முகாமில் பதியப்பட்டன. அவ்வாறு பெறப்பட்ட விபரங்களைப் பங்களாதேச அரசு, அவர்கள் எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அதே மியன்மார் அரசிடம் கையளித்தது என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 இல் அறிக்கை வெளியிட்டது. தாங்கள் விளக்கம் கூறிச் சம்மதம் பெற்றதாக ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் கூறியது. ஆனால் அறிக்கைக்காகச் சந்திக்கப்பட்ட அகதிகளில் பலர், அப்படி ஒன்றும் தமக்குச் சொல்லப்படவில்லை என்றார்கள். பசியுடன் வரிசையில் நிற்பவளிடம் கையெழுத்து வாங்குவது மிகவும் இலகு. அது உண்மையான சம்மதமா என்பதுதான் கேள்வி.

ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது, கைரேகையும் கண்ணும் முகமும் பதியும் கருவிகள் புதிய ஆட்சியாளரின் கையில் சிக்கியதாகச் செய்திகள் வந்தன. பதிந்தவர்கள் ஒரு தரப்பு. பின்னர் அதைக் கையில் எடுத்தவர்கள் வேறொரு தரப்பு. விபரம் கொடுக்கும்போது இருக்கும் நிலைமை என்றைக்கும் அப்படியே இருக்கும் என்பதில்லை என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

இவற்றைச் சொல்வதனால் எந்தப் பதிவும் செய்யாதீர்கள் என்று நான் கூறுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவு இல்லாவிட்டால் உதவியும் இல்லை, நீதியும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் விபரம் கொடுத்தால்தான் தேடலாம். பதிவு வேண்டும். ஆனால் எதற்குக் கொடுத்தோமோ அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். நம் நாட்டிலும் இந்தியாவின் உதவியுடன் முகம், கண், கைரேகை ஆகியவற்றைக் கொண்ட டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்பட்டு வருவதனால் இதை நாம் விளங்கி வைத்திருப்பது அவசியமாகும்.

படமும் குரலும்

ஸ்பெயின் நாட்டின் அல்மென்ட்ராலெஹோ என்ற சிறிய ஊரில், 2023 செப்டெம்பரில், பாடசாலை மாணவிகள் 20 பேருக்கு மேற்பட்டவர்களின் சாதாரணப் படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றினால் ஆடையற்ற படங்களாக மாற்றிப் பரப்பினார்கள். செய்தவர்களும் பாடசாலைப் பையன்களே. ஆனால் அந்த ஊர்த் தாய்மார் வெட்கம் என்று மூடி மறைக்கவில்லை. ஒன்றுகூடி வெளியே வந்து பேசினார்கள், முறைப்பாடு செய்தார்கள். 2024 இல் 15 பையன்களுக்கு நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.

நம் ஊரில் இப்படி நடந்தால் முதலில் அடி வாங்குவது யார்? பிள்ளைதான். ‘நீ ஏன் படம் போட்டனீ?’ என்றுதான் கேட்போம். கைத்தொலைபேசியைப் பறித்து, படிப்பையும் நிறுத்திவிடுவோம். சகோதரிகளே, படம் போட்டது குற்றமல்ல; அதைக் கெடுத்தவன் செய்ததே குற்றம். பிள்ளை முதலில் ஓடி வந்து சொல்லக்கூடிய இடம் தாயின் மடியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிரட்டுபவனின் பிடியில் அவள் தனியே கிடப்பாள்.

இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. மிரட்டல் செய்திகளை அழிக்க வேண்டாம்; திரைப்படம் எடுத்து, திகதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒரு தடவை கொடுத்தால் மீண்டும் கேட்பார்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிலும் முறையிடலாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘ஸ்டொப் என்சிஐஐ’ என்ற இணையத்தளமும் உண்டு. அங்கு படத்தை அனுப்பத் தேவையில்லை. அந்தப் படத்துக்குரிய ஓர் எண் அடையாளம் நமது கைத்தொலைபேசியிலேயே உருவாக்கப்பட்டு, அந்த எண் மட்டுமே செல்லும். முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்த எண்ணுக்குப் பொருந்தும் படத்தைத் தமது தளத்தில் தடுக்கும்.

குரலையும் இன்று போலியாகச் செய்கிறார்கள். 3 செக்கன் ஒலிப்பதிவு இருந்தால் ஒருவரின் குரலைப் போலவே பேசவைக்கும் முறையொன்றைத் தாம் உருவாக்கியதாக மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. பிள்ளையின் குரலில் ‘அம்மா, விபத்து, உடனே காசு அனுப்புங்கோ’ என்று அழைக்கும் மோசடி பற்றி அதே ஆண்டு அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு மக்களை எச்சரித்தது. நம்மில் பலரின் பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்களின் குரலைக் கேட்டாலே நாம் உருகிவிடுவோம். ஆகவே குடும்பத்துக்குள் ஓர் இரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டு மாட்டின் பெயராக இருக்கலாம், அப்பம்மா சொல்லும் செல்லப் பெயராக இருக்கலாம். காசு கேட்டு அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள். வைத்துவிட்டு, நீங்கள் அறிந்த இலக்கத்துக்கு நீங்களே மீண்டும் எடுங்கள்.

கடன் செயலிகள் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பிணை வேண்டாம், ஐந்து நிமிடத்தில் காசு’ என்று சொல்லும் சில செயலிகள், கைத்தொலைபேசியில் உள்ள இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். கட்டத் தவறினால் சொந்தக்காரர் எல்லோருக்கும் செய்தி போகும். இந்தத் தொல்லை காரணமாகவே கூகிள் தனது செயலிக் கடையில் உள்ள கடன் செயலிகள் படங்களையும் தொடர்பு இலக்கங்களையும் எடுப்பதை 2023 மே மாத இறுதியிலிருந்து தடை செய்தது. ஆனால் வட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தி இறக்கும் செயலிக்கு அந்தத் தடை பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கின்றது?

நமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நமது விபரத்தைச் சேகரிப்பவர் அரசாக இருந்தாலும் தனியார் நிறுவனமாக இருந்தாலும் எதற்காக எடுக்கிறார் என்று சொல்ல வேண்டும், அதற்குத் தேவையானதை மட்டுமே எடுக்க வேண்டும், பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்பன அதன் அடிப்படைகளாகும். நமது விபரத்தைப் பார்வையிடவும், பிழையைத் திருத்தவும், சம்மதத்தை மீளப் பெறவும், அழிக்குமாறு கேட்கவும் அதில் உரிமைகள் உண்டு. மனிதர் பார்க்காமல் கணனி மட்டுமே எடுத்த ஒரு முடிவு நம்மைப் பாதித்தால், அதை மீளப் பார்க்குமாறு கேட்கும் உரிமையும் உண்டு. உடல்நலம், இனம், மதம், அரசியல் கருத்து, கைரேகை போன்றவையும் பிள்ளைகளின் விபரங்களும் விசேட பாதுகாப்புக்குரியவை.

சட்டம் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. கட்டங்கட்டமாகக் கொண்டுவர ஏற்பாடு செய்யப்பட்டு, 2025 இல் திருத்தமும் நிறைவேற்றப்பட்டது. எனவே நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் ‘இது என் உரிமை’ என்று சொல்வதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கின்றது. கேட்பதற்கு நாம் பழக வேண்டும்.

படிவத்துடன் வருபவரிடம் கேட்க வேண்டியவை

ஒன்று: இந்த விபரம் எதற்கு? கோழி வளர்ப்புக்கு என்றால் மருத்துவ விபரம் ஏன்?

இரண்டு: இதை யார் யார் பார்ப்பார்கள்? கணனியில் போடுவீர்களா? வெளிநாட்டுக்குப் போகுமா?

மூன்று: என் பெயரும் படமும் இல்லாமல் இதைச் செய்ய முடியாதா?

நான்கு: சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாவிட்டால் உதவி கிடைக்காதா?

ஐந்து: பின்னர் நான் வேண்டாம் என்றால் எவரிடம் சொல்ல வேண்டும்?

இவற்றைக் கேட்டால் உதவி தர மாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். நேர்மையாக வேலை செய்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நாங்கள் படித்த சமூகப் பணிப் பாடத்தில் இரகசியம் பேணுதல் முதற் பாடங்களில் ஒன்று. பரீட்சையில் அதை எழுதிப் புள்ளி வாங்கிய நானே மறந்துவிட்டேன் என்றால், எங்களுக்கு நினைவூட்ட வேண்டியவர்கள் நீங்கள்தான்.

செயற்கை நுண்ணறிவை முற்றாக ஒதுக்கவும் தேவையில்லை. சிங்களத்தில் வரும் கடிதம் ஒன்றை விளங்கிக்கொள்ளவும், விண்ணப்பம் ஒன்றை எழுதவும் அது பெரிதும் உதவும். பெயர், அடையாள இலக்கம், ஊர், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை எடுத்துவிட்டுக் கேளுங்கள். வீட்டுக்குள் நடந்த அந்தரங்கமான விடயங்களை அதனிடம் கொட்ட வேண்டாம். மறுமொழி அன்பாக வரலாம்; ஆனால் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு சிநேகிதி அல்ல.

மீண்டும் அந்த வீட்டுக்கு

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவிடம் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்த உரையாடலை அழித்துவிட்டேன், ஆனால் முற்றாக அழிந்துவிட்டது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னேன். புதிதாக எழுதிய அறிக்கையை வாசித்துக் காட்டினேன். அதில் கோழிக்கூடு இருந்தது, வளவின் அளவு இருந்தது, வருமானம் இருந்தது. மகளின் கதை இருக்கவில்லை. அது இல்லாததனால் அறிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். குசினி வாசலில் நின்ற மகள்தான் பேசினாள்.

“அக்கா, அம்மா உங்களுக்குச் சொன்னது என்ர கதை. சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சது அம்மா. என்னட்ட ஒருத்தரும் கேட்கேல்லை.”

இந்த ஒரு மாதமாக நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாக விடயம் சொல்லப்பட்டிருக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கிழித்துத் தரச் சொன்னாள். கிழித்துக் கொடுத்தேன். அடுப்பில் போட்டாள்.

புறப்படும்போது தாய் தனது பையைத் திறந்து மகனின் படத்தை எடுத்தார். “இவனைத் தேடுற கடதாசியில மட்டும் என்ர பேரும் இலக்கமும் முழுசா இருக்கட்டும் பிள்ளை. அதில ஒண்டும் குறைக்க வேண்டாம். மற்றதுகளில கேட்டுப் போட்டுப் போடுங்கோ” என்றார்.

எங்கே முழுமையாகக் கொடுப்பது, எங்கே மறைப்பது என்பதை அந்த அம்மாவே தீர்மானித்துவிட்டார். அந்தரங்கத்தைப் பாதுகாத்தல் என்பதன் பொருளும் அதுதான். இப்போது என் குறிப்புகளில் பெயருக்குப் பதிலாக இலக்கமே இருக்கின்றது. எந்த இலக்கம் எவருடையது என்ற பட்டியல் பூட்டிய அலுமாரிக்குள் தனியாக இருக்கின்றது. கணனியில் எதையும் போட முன்னர் உரியவரிடம் கேட்கிறேன்.

அடுத்த முறை உங்கள் வீட்டு வாசலில் படிவத்துடன் ஒருவர் வந்து நின்றால், அது நானாக இருந்தாலும், முதலில் கதிரை கொடுத்து இருக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். பதில் கிடைத்த பின்னர் கையெழுத்து வையுங்கள்.